பூவேலை செய்த பித்தளைப் பொத்தான்

என் மகள் புது ரேடியோ வாங்கி வந்து, "அப்பா, பாருங்கோ, என்ன பளபளப்பு!" என்கிறாள். பளபளப்பு கிடக்கட்டும். கையில் தெம்பில்லாத ஒருவர் தரையில் படுத்தபடி இதைத் திருக முடியுமா என்றுதான் நான் முதலில் பார்க்கிறேன். கிழத்துக்குக் கிறுக்கு என்று நினைத்துக்கொள்கிறாள். நினைக்கட்டும். அவள் பிறந்த கதையை அவளிடம் நான் முழுதாகச் சொன்னதில்லை.

அப்போது கல்கத்தாவில், காளிகாட்டில் ஒரு சந்தில் குடியிருந்தோம். நான் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் குமாஸ்தா. மனைவிக்குத் தாய் இல்லை. பிரசவம் இங்கேயே என்று முடிவாகி, ஊரிலிருந்து என் அம்மா வந்திருந்தாள். பிள்ளை பெற்றவளுக்குப் பத்து நாள் தீட்டு, பின்கட்டு அறைதான். உள்ளே போனால் தலைமுழுக வேண்டும். மருத்துவச்சி காலையில் வந்து குளிப்பாட்டி, பத்தியச் சோறு கொடுத்துவிட்டுப் போவாள். மற்ற நேரத்தில் நாங்கள் அடிக்கடி வாசற்படியில் நின்று எட்டிப் பார்ப்பதாகத்தான் முதலில் பேச்சு. எனக்கோ புதுச் சாமான் பைத்தியம். தர்மதலாவில் ஒரு கடைக்குப் போய் எலெக்ட்ரிக் மணி வாங்கினேன்.

கடைக்காரர் இரண்டு தினுசு காட்டினார். ஒன்று, நீளக் கயிற்றின் நுனியில் தொங்கும் மரப் பொத்தான். மற்றது சுவரில் பதிக்கும் பித்தளைப் பொத்தான், சுற்றிலும் பூவேலை. கயிறு தொங்கினால் பார்க்க அசிங்கம் என்று பித்தளையை எடுத்தேன். பாட்டரிக்காகக் கண்ணாடி ஜாடிகளில் நவச்சாரத் தண்ணீர் ஊற்றிக் கம்பி இழுத்த மிஸ்திரி, "எங்கே வைக்கட்டும், பாபு?" என்று கேட்டான். நான் நின்றபடியே என் மார்பு உயரத்தில் விரலை வைத்துக் காட்டினேன். மகா புத்திசாலி! நிறைமாதமாக இருந்த அவளும் நின்றுகொண்டுதான் அழுத்தினாள். முன்கூடத்தில் கணகணவென்று அடித்தது.

"ஆபீஸ் துரை மாதிரி உங்களைக் கூப்பிடப்போறேன், பாருங்கோ" என்று சிரித்தாள்.

எங்கள் வீட்டில் கட்டில் கிடையாது. அவள் பாயில்தான் படுக்கப்போகிறாள் என்பது இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

பெண் பிறந்த நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மருத்துவச்சி போன பிறகு நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். மணி வந்ததிலிருந்து எட்டிப் பார்க்கும் வழக்கமே நின்றுபோயிருந்தது. நடுப்பகலில் அம்மா கேட்டாள்:

"ஏண்டா, மணி அடிச்சாளா?"

"இல்லையே."

"அப்போ தூங்கறா. விடு."

நான் பக்கத்தைப் புரட்டினேன்.

சற்று நேரத்தில் பின்வீட்டு வங்காளி அம்மாள் ஓடிவந்தார்; மாஷிமா, அதாவது சித்தி, என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். "குழந்தை எவ்வளவு நேரமாகக் கத்துகிறது! என் வீட்டுக்குக் கேட்கிறது, உங்களுக்குக் கேட்கவில்லையா?" என்றார்.

"வேண்டுமென்றால் மணி அடிப்பாள், மாஷிமா" என்றேன். அந்த நேரத்திலும் எனக்கு அதில் பெருமை!

அவர் என்னைத் தள்ளிக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். தீட்டெல்லாம் பார்க்கவில்லை. அவர் போட்ட அலறலில் நானும் தீட்டுப் பார்க்காமல் உள்ளே ஓடினேன்.

குழந்தை பாயில் கிடந்து அழுதது. அவள் பாயில் இல்லை. பாயிலிருந்து சுவர் வரை இரத்தம். சுவரடியில் குப்புறக் கிடந்தாள். தொட்டேன், ஜில்லென்றிருந்தாள். தூங்குகிறாள் என்று உட்கார்ந்திருந்தேனே, பாவி! பின்கட்டு வரை நடந்து ஒரு தடவை எட்டிப் பார்த்திருக்கக் கூடாதா? பார்த்திருப்பேன், அந்தப் பாழாய்ப்போன மணி மட்டும் இல்லாதிருந்தால்.

சுவரில் மஞ்சள் விரல்கள் பதிந்திருந்தன, காலையில் பூசிக் குளித்த மஞ்சள். ஒன்றுக்கு மேல் ஒன்றாக நாலைந்து தடம். பொத்தானில் மட்டும் மஞ்சள் இல்லை.

காரியமெல்லாம் முடிந்து, அறைக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் வந்தான். அவனைக் கொஞ்சம் நிற்கச் சொல்லிவிட்டு, மேல் தடத்திலிருந்து பொத்தான் வரை கையை விரித்து அளந்தேன். ஒரு சாண். கடைக்காரர் காட்டிய கயிறு பாய் வரைக்கும் வந்திருக்கும்.