ரோசி பிள்ளையாக உட்கார்ந்த படகு

ரோசி, ரோஸ்மேரி, உன்னைப் பற்றித்தான் எழுதுகிறேன். நீ இருந்தால் "இந்த எழுத்து வேலையெல்லாம் ஒங்களுக்கு எதுக்குங்க, வெரசா படகுப் பாய மடிங்க" என்பாய்.

மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ரோசி என் மனைவி. போன ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்து, ஒன்பதாம் நாள் திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டாள். இருபத்து நான்கு வயது. கொடைக்கானல் ஏரிக்கரையில் ஒரு கிளப்பின் படகுக் கொட்டகையில் இரண்டு பேரும் வேலை பார்த்தோம். படகு ரிப்பேர் என் வேலை. பாய் தைப்பது அவள் வேலை. கொட்டகைக்குப் புதிதாக இரண்டு பேர் வரப்போகிறார்கள். சின்னப் பிள்ளையோடு வருகிறவர்களுக்கு எந்தப் பாய்ப்படகைக் கொடுக்க வேண்டும் என்று அவர்களுக்காக எழுதி வைக்கச் சொன்னார் செக்ரட்டரி. நான் எட்டாவது வரை படித்தவன். எனக்குத் தெரிந்த மாதிரி எழுதுகிறேன்.

1. நீலப் படகு

ஒரு மாசி மாதம் லீனா டீச்சர் வந்தார். நாயுடுபுரத்தில் வீடு. கணவருக்கு வெளிநாட்டில் வேலை. மகள் மின்னிக்கு ஐந்து வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் மகளை ஏரிக்குக் கூட்டி வர, வருஷம் முழுக்கத் தனக்கென்று ஒரு படகு வேண்டும் என்றார். ஸ்கூல் நாளிலேயே பாய்ப்படகு ஓட்டப் பழகியவர்.

கொட்டகையில் இரண்டு டிங்கி, அதாவது சின்னப் பாய்ப்படகு, சும்மா கிடந்தன. ஒன்று பதினான்கு அடி நீலப் படகு. இரண்டு பாய், நல்ல ஓட்டம். இன்னொன்று பத்தடி. தட்டை அடி, அகலம், ஒரே பாய். எங்கள் வாட்ச்மேன் முருகேசண்ணன் அதற்கு 'சோப்பு டப்பா' என்று பேர் வைத்திருந்தார்.

டீச்சர் நீலப் படகைத்தான் தடவிப் பார்த்தார். "நான் படிக்கிறப்ப இதே மாதிரிதாங்க ஓட்டுனேன். இதுவே இருக்கட்டும்."

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஆனால் தாயும் பிள்ளையும் தனியாகத் தண்ணீரில் இருப்பார்கள். என்னவாவது ஆனால் நான் துடுப்புப் போட்டுப் போய்ச் சேரப் பத்து நிமிஷம் ஆகும். அதனால் சோதித்துவிட்டுத்தான் கொடுப்போம்.

எங்கள் கொட்டகையில் சோதனை என்றால் கேரட் மூட்டைதான். பள்ளங்கியிலிருந்து கேரட் ஏற்றி வரும் வேன் ஏரி ரோட்டில் நிற்கும். ஆள் எடைக்குத் தகுந்த மாதிரி மூட்டை வாங்கிப் படகில் வைத்து ஓட்டிப் பார்ப்போம். மின்னிக்குப் பதினெட்டு கிலோ. மூட்டையை முன்பலகையில் உட்கார வைத்தேன். டீச்சர் ஓட்டினார். படகு கோடு போட்ட மாதிரி போய்த் திரும்பியது.

"பர்ஸ்ட் கிளாஸ் டீச்சர். ஞாயித்துக்கெழம பாப்பாவக் கூட்டியாங்க" என்று சொல்லிவிட்டேன்.

2. ரோசி ஏறியது

ரோசி கொட்டகைத் தரையில் பாயை விரித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"ஏங்க, அந்த மூட்டைக்கு ஒண்ணுக்கு வருமா?"

"என்ன ரோசி பேச்சு இது, டீச்சர் முன்னால?"

"மூட்ட வெச்ச எடத்துல கெடக்கும். அஞ்சு வயசுப் புள்ள கெடக்குமா?"

கல்யாணத்துக்கு முன்பு மூன்று வருஷம் பால்வாடியில் ஆயாவாக இருந்தவள் அவள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. இந்தப் பேச்சு வந்தால் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். அன்றைக்கும் திரும்பிக்கொண்டேன்.

அவள் எழுந்து, சேலையை இழுத்துச் செருகி, லைஃப் ஜாக்கெட்டை மாட்டினாள். "டீச்சர், நாந்தான் மின்னி. வாங்க போவோம்."

நான் தடுத்தேன். வாட்ச்மேன் முன்னால் மானம் போகிறதே என்று கோபம். அவள் கேட்கவில்லை. மூட்டையை இறக்கிவிட்டு ஏறிவிட்டாள்.

கரையிலிருந்து எல்லாம் கேட்டது. முதலில் தண்ணீரில் கை விட்டாள். "அம்மா, மீனு!" அப்புறம், "அம்மா, தண்ணி பாட்டில் எங்க?" அப்புறம் எழுந்து நின்று எனக்கு டாட்டா காட்டினாள். டீச்சருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஒரு கையில் சுக்கான் கட்டை. பாயை இழுக்கும் கயிறு, நாங்கள் ஷீட் என்போம், அதைக் கையில் பிடிக்காமல் படகிலுள்ள பூட்டில் மாட்டியிருந்தார்.

எங்கள் ஏரிக்கு நட்சத்திரம் மாதிரி நிறையக் கைகள். மலை இடுக்கில் வரும் காற்று ஒவ்வொரு கையிலும் ஒவ்வொரு பக்கமிருந்து அடிக்கும். திருப்பத்தில் அடித்தது ஒரு காற்று. படகு சாய்ந்தது. ரோசி சாய்ந்த பக்கமே போய் "அம்மா, மீனு" என்று குனிந்தாள். பிள்ளை அப்படித்தானே செய்யும். டீச்சர் பதறிச் சுக்கானை விட்டுவிட்டு அவளைப் பிடிக்கப் பாய்ந்தார். கயிறோ பூட்டில். பாயில் காற்று அப்படியே நின்றது. படகு கவிழ்ந்துவிட்டது.

நான் துடுப்புப் படகை எடுத்துக்கொண்டு போனேன். நீலப் படகை நிமிர்த்த டீச்சர் எடை போதவில்லை. இரண்டு பேரும் அதைப் பிடித்துக்கொண்டு நடுங்கினார்கள். கரைக்கு வந்ததும் ரோசி பல் தந்தியடிக்கக் கேட்டாள்: "இப்பச் சொல்லுங்க. பர்ஸ்ட் கிளாஸா?"

டீச்சர் சிரிக்கவில்லை. கரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். "அது மின்னியா இருந்திருந்தா?" என்று மட்டும் கேட்டார்.

முருகேசண்ணன்தான் பேச்சை மாற்றினார். "ஏலே, நல்லவேள கேரட்ட எறக்கிட்டீங்க. அதுக்கு நீச்சல் தெரியாதுலே."

3. சோப்பு டப்பா

சின்னப் படகை எடுத்தோம். ரோசி சொல்லச் சொல்ல நான் செய்தேன். கயிற்றுப் பூட்டைக் கழற்றினேன். கயிறு கையில்தான் இருக்க வேண்டும். பிள்ளையைப் பிடிக்கக் கயிற்றை விட்டால் பாய் தானாகக் காற்றைக் கொட்டிவிடும். பாயின் அடியில் ஆடும் கம்பு, பூம், பெரியவர் தலையில் இடிக்கும் உயரத்தில் இருந்தது. அவள் பாயின் அடியில் ஒரு முழம் வெட்டி, மறுபடி மடித்துத் தைத்து, பூமை மேலே ஏற்றினாள். காற்று கூடினால் பாயைச் சுருக்கிக் கட்ட ஒரு வரிசை ஓட்டை வைத்தாள். பிள்ளையின் லைஃப் ஜாக்கெட் தண்ணீரில் மேலே ஏறாமல் இருக்க, கால் இடுக்கில் வரும் ஒரு வார் தைத்தாள்.

மறுநாள் வேண்டுமென்றே கவிழ்த்துப் பார்த்தோம். டீச்சர் தனியாக நிமிர்த்தி, தனியாக ஏறினார். ரோசி மறுபடி பிள்ளையாக உட்கார்ந்து எல்லாச் சேட்டையும் செய்தாள். ஒன்றும் ஆகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மின்னி வந்தாள். ரோசி செய்த அத்தனையும் செய்தாள். எழுந்தாள், குனிந்தாள், தண்ணீர் கேட்டாள். அரைமணி கழித்துப் படகில் தலை ஒன்றுதான் தெரிந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. துடுப்பை எடுத்து ஓடினேன். டீச்சர் வாயில் விரல் வைத்துக் காட்டினார். பிள்ளை படகின் அடியில் கால் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தது.

"அய்யோ, புள்ள தூங்கும்னு நான் நெனைக்கலயே!" என்று ரோசி கரையில் விழுந்து விழுந்து சிரித்தாள்.

4. இப்போது

பாய்மரம் நிறுத்த இரண்டு பேர் வேண்டும். இப்போது தோளில் முட்டுக் கொடுத்து நான் ஒருவனே நிறுத்துகிறேன். "பிடி" என்று வாயில் வந்துவிடுகிறது. வெள்ளனே கொட்டகையைத் திறந்தால் பனி உள்ளே வரும். வேறு யாரும் வர மாட்டார்கள்.

தை மாதம் ஓர் அப்பா நாலு வயது மகனோடு வந்தார். பிள்ளையாக உட்கார ஆள் இல்லை. மூட்டையை வைத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். வைக்கவில்லை. நானே ஏறினேன். தண்ணீரில் கை விட்டேன். "அப்பா, மீனு" என்று சொல்ல வேண்டும். சொன்னேன். இரண்டாம் தடவை குரல் வரவில்லை. அந்த சார் படகைக் கரைக்குத் திருப்பி, "பரவால்ல தம்பி, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார். மறுநாள் முழுதாகச் செய்து முடித்துத்தான் படகைக் கொடுத்தேன்.

புதிதாக வரும் தம்பிகளே, ஓட்டத்தைப் பார்த்துப் படகு கொடுக்காதீர்கள். தாய்க்கு இருப்பது இரண்டே கை, ஒன்று பிள்ளைக்கு வேண்டும். மிச்சம் ஒரு கையில் அடங்குகிற படகுதான் சரியான படகு. நீங்கள் இரண்டு பேர் இருக்கிறீர்கள். ஒருவர் ஓட்டுங்கள், ஒருவர் பிள்ளையாக உட்காருங்கள். வெட்கப்படாதீர்கள். நான் வெட்கப்பட்டேன். அவள் இருந்தபோது அதற்காக ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை.

இதைப் படிக்கிற எல்லாரையும் கேட்கிறேன். சர்ச்சோ, கோயிலோ, பள்ளிவாசலோ, நீங்கள் எங்கே போனாலும் சரி, என் ரோஸ்மேரிக்காக ஒரு நிமிஷம் வேண்டிக்கொள்ளுங்கள். தண்ணீரில் நடுங்கிய மாதிரி அவள் எங்கேயும் குளிரில் நிற்கக் கூடாது என்று வேண்டிக்கொள்ளுங்கள்.