தானாக ஓடும் காருக்கு ஒரு டிரைவர்

குன்னூர்ப் பக்கம் ஒரு டீ எஸ்டேட் ஃபேக்டரி ஆபீஸில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. வேலை போக மிச்ச நேரத்தில் ஒரு பொம்மைக் காரைத் தானாக ஓடவைக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். முழங்கை நீளம், முன்னால் ஒரு கேமரா, முதுகில் சீட்டுக்கட்டு அளவுக் கம்ப்யூட்டர். கோயமுத்தூரில் இதற்கென்று ஒரு போட்டி இருந்தது. வெள்ளை டேப் ஒட்டிய பாதையில் யார் கையும் படாமல் மூன்று சுற்று ஓட வேண்டும்.

காருக்கு நாம்தான் ஓட்டிக் காட்ட வேண்டும். ரிமோட்டில் நான் ஓட்டும்போது கேமரா பார்த்ததையும் நான் ஸ்டீயரிங்கைத் திருப்பியதையும் அது பதிந்துகொள்ளும். அந்தப் பதிவை லேப்டாப்பில் போட்டு ஒரு புரோகிராமைப் பழக்கி, அதைத் திரும்பக் காரில் ஏற்றுவேன். எஸ்டேட் கிளப்பின் பேட்மிண்டன் ஹாலில் அதே மாதிரி டேப் ஒட்டி, இரண்டு மாதம் ஞாயிறுதோறும் அழகாக ஓட்டிக் காட்டினேன். தனியாக விட்டால் மூன்றாவது வளைவில் கோட்டைத் தாண்டிப் போய்ச் சுவரில் முட்டியது. ஒவ்வொரு முறையும் அதே வளைவு, அதே சுவர்.

எங்கள் எஸ்டேட்டில் பச்சை இலை ஏற்றும் பிக்கப்பை ஓட்டுபவர் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். ஒரு ஞாயிறு மழைக்கு ஹாலுக்குள் ஒதுங்கியவர், நாலு முறை கார் முட்டுவதைப் பார்த்தார். பிறகு லேப்டாப்பில் பதிவான படங்களைக் காட்டச் சொன்னார்.

“ஏனுங்க மேடம், எப்பவும் நடுவுலயே ஓட்டியிருக்கீங்க. ஓரம் போயிட்டா எப்படித் திரும்பி வரோணும்னு இதுக்கு யாரு காட்டுனாங்க?”

ரிமோட்டை அவர் கையில் கொடுத்துவிட்டேன்.

அவர் வேண்டுமென்றே காரைக் கோட்டின் மேல் கொண்டுபோய், பதறாமல், கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி நடுவுக்குக் கொண்டுவந்தார். ஓரம் போவதையும் கார் பழகிவிடக் கூடாதே என்று, போகும்போது பதிவை நிறுத்தி வரும்போது மட்டும் நான் போட்டேன். அந்தப் பதிவையும் சேர்த்துப் பழக்கியதும், அன்று சாயங்காலமே கார் மூன்று சுற்றும் ஓடியது. இருவரும் தரையில் உட்கார்ந்து அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டோம்.

போட்டிக்கு அவரும் லீவு போட்டு வந்தார். அங்கே தரை வழவழவென்றிருந்தது. டியூப்லைட்டின் பிம்பம் தரையில் வெள்ளைக் கோடாக விழ, முதல் சோதனை ஓட்டத்தில் கார் அதன் பின்னாலேயே போய்விட்டது. மூட்டை கட்டிவிடலாமா என்று நான் கேட்டேன். மழை ரோட்டில் எதிர் வண்டி லைட் அடிப்பது போலத்தான் இது, பழகினால் சரியாகும் என்றார். பயிற்சிக்குக் கொடுத்த அரை மணி நேரமும் அந்த பிம்பங்களின் மேலேயே ஓட்டிக் காட்டினார். எங்கள் முறைக்குப் பெயர் கூப்பிடும்போதுதான் லேப்டாப் அந்தப் பதிவைப் பழக்கி முடித்தது.

மூன்றாவது சுற்றில் கார் ஒருமுறை டேப்பைத் தொட்டது. தானாகவே திரும்பி நடுவுக்கு வந்து ஓட்டத்தை முடித்தது.

நாலாவது இடம்தான், பரிசு இல்லை. நடுவர் ஒருவர் என்னுடன் வந்தவரிடம் என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார்.

“எட்டாவதுங்க. வண்டி ஓட்டுறேன்.”

அப்புறம் கால் மணி நேரம், சுற்றி நின்ற இன்ஜினியரிங் பிள்ளைகளுக்கு ஓரத்திலிருந்து எப்படித் திருப்ப வேண்டும் என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். நான் சார்ஜரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் என் அணி என்பதில் எனக்கு அவ்வளவு பெருமை.

மலை ஏறும் பஸ்ஸில் டிரைவருக்குப் பின் சீட்டைப் பிடித்தார். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் டிரைவரின் கையையே பார்த்துக்கொண்டு வந்தார்.