சுந்தரலிங்கத்தின் மன நிலவரம்

"கம்பம் ஒண்ணு குடுப்பா. மனசு இன்னைக்குக் கொஞ்சம் கனமா இருக்கு" என்று சொல்லித்தான் சுந்தரலிங்கம் டவுன் பஸ்ஸில் டிக்கெட் எடுப்பார். கண்டக்டருக்கு இது பழகிவிட்டது. சாப்பிட்டுவிட்டு வந்தீர்களா என்று விசாரித்துக்கொண்டே டிக்கெட்டைக் கிழித்துக் கொடுப்பார். பக்கத்தில் புதிதாக வந்து உட்கார்ந்தவர்தான் மாட்டிக்கொள்வார். கம்பம் வருவதற்குள் நேற்றைய எரிச்சல், இன்றைய கலக்கம், காரணமே இல்லாமல் வந்துபோன ஒரு துக்கம் எல்லாம் அவர் காதில் கொட்டப்பட்டிருக்கும்.

காமயகவுண்டன்பட்டியில் சுந்தரலிங்கத்துக்குத் திராட்சைத் தோட்டம். வியாபாரிகள் வந்தால் முதலில் மன நிலவரம், பிறகுதான் விலை நிலவரம். கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவரையும் விடமாட்டார். செல்போன் வாங்கிய புதிதில், 2005 வாக்கில், குமுளி ஏலக்காய் வியாபாரி ஒருவர் நம்பர் மாற்றி அழைத்துவிட்டார். உடனே வைத்திருந்தால் தப்பித்திருக்கலாம். இப்போது அந்த மலையாளி வாரம் தவறாமல் தானாகவே கூப்பிட்டுத் தன் மனக்குறையைச் சொல்லிக்கொள்கிறார்.

இவ்வளவுக்கும் காரணம் தேனியில் ஒரு டாக்டர். சுந்தரலிங்கத்தின் அப்பாவும் சித்தப்பாவும் தங்கள் உயிரைத் தாங்களே முடித்துக்கொண்டவர்கள். இருவரும் வாயே திறக்காத மனிதர்கள். அந்த வீட்டு ரத்தமே அப்படி என்று ஊர் பேசியது. அது நிஜமா என்று கேட்கத்தான் இவர் தேனிக்குப் போனார். மூளையில் ஒரு பலவீனம் பரம்பரையாக வரலாம், வந்தே தீரும் என்றில்லை, வந்தாலும் வைத்தியம் இருக்கிறது என்றார் டாக்டர். எதையும் உள்ளே அடைத்து வைக்காமல் யாரிடமாவது சொல்லுங்கள் என்றும் சொல்லி அனுப்பினார். அவர் யாரோ ஒருவரைத்தான் நினைத்திருப்பார். சுந்தரலிங்கம் ஊரையே எடுத்துக்கொண்டார், அதுவும் மாத்திரை மாதிரி மூன்று வேளை, சாப்பாட்டுக்குப் பின்.

கேலி செய்கிறவர்களுக்கு அவரிடம் பதில் இருக்கிறது. "சாம்பல் நோய் வர்ற கொடின்னு தெரிஞ்சா, கொடியவா வெட்டுறோம்? முன்கூட்டியே கந்தகம் தூவுறோம்ல. நான் தூவிக்கிட்டுத் திரியிறேன், அம்புட்டுத்தேன்."

உண்மையில் அவருடைய பயம் தன்னைப் பற்றியதல்ல. அடுத்த வீட்டில் இருக்கும் தம்பி விஜயபாண்டியைப் பற்றியது. அதே ரத்தம், அப்பாவைப் போலவே வாய்க்குப் பூட்டு. ஏன் முகம் வாடியிருக்கிறது என்று கேட்டால் "ஒண்ணுமில்லண்ணே" என்பான். அதைக் கேட்டதுமே சுந்தரலிங்கம் அவனைப் பிடித்து உட்கார வைப்பார். உடனே தம்பிக்கு வழி காட்டுவதாக நினைத்துத் தன் மனதைக் கொட்ட ஆரம்பிப்பார். அவனும் பொறுமையாகக் கேட்டுவிட்டு எழுந்து போய்விடுவான்.

போன சித்திரைத் திருவிழாவில் ஒலிபெருக்கியோடு போட்டி போட்டுப் பேசியதில் அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. குரல் சரியாகும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்று கம்பத்து ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். திரும்பும்போது பஸ்ஸில் சைகையால் டிக்கெட் கேட்டார். அப்பாவின் மௌனம் மகனுக்கும் வந்துவிட்டதென்று கண்டக்டர் வெலவெலத்துப் போனார். செய்தி அவருக்கு முன்னால் ஊருக்குப் போய்விட்டது.

தெருவே வாசலில் கூடியது. எதிர்வீட்டு மொக்கைச்சாமி கட்டிலைத் தூக்கிவந்து வாசலை அடைத்துப் போட்டுக் காவலுக்கு உட்கார்ந்தார். வெறும் தொண்டைக்கட்டுதான் என்று மனைவி வேல்விழி சத்தியம் செய்யாத குறை. "தொண்டைன்னுதேன் சொல்லுவாக" என்று தெருக்கோடி ஜக்கம்மா பெருமூச்சு விட்டாள். அவரைக் கண்டால் சந்து மாறிப் போனவர்களெல்லாம், ஏதாவது சொல்லுங்கள், கேட்கிறோம் என்று கெஞ்சினார்கள். அத்தனை காதுகள் வலிய வந்து நிற்கும்போது பேச முடியாமல் போனதே என்று அவருக்குத் தாங்க முடியாத வருத்தம்.

ஒரு மத்தியானம் கொல்லையில் பசுவிடம் குரலைச் சோதித்துப் பார்த்தார். "மனசு பரவால்ல ஆத்தா." கணீரென்று வந்தது. ஊருக்கு அறிவிக்கும் ஆசையோடு வாசலுக்கு விரைந்தார். காவல்காரர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். கட்டிலில் தம்பி மட்டும் இருந்தான். அண்ணன் வாயைத் திறப்பதற்குள், தரையைப் பார்த்தபடி அவனே ஆரம்பித்தான்.

"நீங்க பேசாம இருக்கவும் பயமாப் போச்சுண்ணே. எனக்கும் உள்ளுக்குள்ள சரியில்ல. ரொம்ப நாளா. நீங்க பேசுறப்ப எனக்கு நடுவுல எடமே கெடைக்கல." பிறகு கேட்டான்: "அந்தத் தேனி டாக்டரு என்னையும் பாப்பாரா?"

சொல்வதற்குச் சுந்தரலிங்கத்துக்கு நாக்கு நுனியில் நூறு இருந்தது. தலையை மட்டும் பலமாக ஆட்டினார். அந்த நேரம் வேல்விழி மிளகுப் பாலோடு வந்து, "தொண்டை தொறந்திருச்சா?" என்றாள்.

இல்லை என்று கையை விரித்தார். துண்டை எடுத்துக் கழுத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டார். தம்பியை ஒட்டி உட்கார்ந்து, மேலே சொல்லு என்று விரலை அசைத்தார்.