பஞ்சை எரித்தது எது

ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு மெத்தைக் கம்பெனியில் நான் சேஃப்டி ஆபீசர். பஞ்சும் ஃபோமும் பழைய மோட்டார்களும் ஒரே கூரைக்குக் கீழே கிடக்கிற இடத்தில் அந்த வேலை என்ன லட்சணத்தில் இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. என் ரூமில் எதிர்க்கட்டில்காரர் ஏழு வருடம் அரபிக் கல்லூரியில் ஓதிப் பட்டம் வாங்கியவர். ஊரில் பள்ளிவாசல் வேலை கட்டுப்படியாகாமல் இங்கே வந்து பஞ்சு பிரிக்கும் மெஷினில் நின்றார். மார்க்கம் படித்தவர்களைக் கூப்பிடுகிற மரியாதையில் கேம்ப் முழுக்க அவருக்கு அசரத் என்றுதான் பெயர்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து அவர் வந்ததும், பிரியாணித் தட்டோடு எங்கள் வழக்கு ஆரம்பிக்கும். பல நூறு வருடங்களுக்கு முன்பே அரபு அறிஞர்கள் மோதிக்கொண்ட வழக்கு அது என்பார். கிரேக்கர்களைப் படித்த தத்துவவாதிகள், பஞ்சை எரிப்பது நெருப்பின் இயல்பு என்றார்களாம். கலாம் அறிஞர்கள், அதாவது மார்க்கத்தை வாதிட்டு விளக்கிய இறையியலாளர்கள், பலரும் அதை விடவில்லை. நெருப்பு பட்டதைப் பார்த்தாய், பஞ்சு எரிந்ததைப் பார்த்தாய். இதனால்தான் அது என்பதை எந்தக் கண்ணால் பார்த்தாய்? எரிக்கிறவன் அல்லாஹ். வழக்கமாக அப்படி நடத்துகிறான், அவ்வளவுதான்.

“அப்ப உங்க மெஷின் பக்கத்துல ஒரு சிகரெட்டப் பத்த வைங்க அசரத், பாப்போம்” என்பேன்.

“வழக்கத்த மீறுன்னா சொன்னாங்க? கவனமா இருன்னுதான் சொன்னாங்க.”

காரணமே இல்லையென்றால் என் வேலைக்கே அர்த்தமில்லை என்று குதிப்பேன். அவர் எலும்பைக் கடித்துக்கொண்டே சிரிப்பார். “காரணத்த மறுத்தா அறிவையே மறுத்த மாதிரின்னு தத்துவவாதிகளும் இப்படித்தான் தம்பி குதிச்சாங்க.”

அவருடைய மெஷின் மோட்டார் பொறி விடுகிறது என்று மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். பதிலே இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பஞ்சு பற்றிக்கொண்டது. அசரத் சாக்கால் அடித்தே அணைத்துவிட்டார். யாருக்கும் ஒன்றுமில்லை, அவருடைய இரண்டு உள்ளங்கைகளும்தான் கொப்பளித்துப் போயின.

மறுநாள் விசாரணை. யார் தலையிலாவது போட்டாக வேண்டும் என்று கம்பெனி முடிவு செய்துவிட்டது. அசரத்தின் வேலை தப்புமா என்பதுதான் எனக்குக் கவலை. மோட்டார்தான் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று காலையிலேயே அவரிடம் கெஞ்சியிருந்தேன். ஆனால் மேனேஜர் விவரமான ஆள்.

“கசம் காவோ” என்றார். மோட்டார் பொறியால்தான் பற்றியது என்று சத்தியம் பண்ணச் சொன்னார்.

மேஜைக்கு அடியில் அசரத்தின் காலை மிதித்தேன். அவர் நிதானமாக உருதுவில் பதில் சொன்னார். பொறி வந்ததைப் பார்த்தேன். ஸ்விட்சை அணைக்கத் திரும்பினேன். மறுபடி பார்த்தபோது பஞ்சு எரிந்துகொண்டிருந்தது. நடுவில் என்ன நடந்தது என்று பார்க்கவில்லை. பார்க்காததற்கு அல்லாஹ்வின் பேரில் சத்தியம் பண்ண மாட்டேன்.

“கலாஸ்”, முடிந்தது என்று மேனேஜர் ஃபைலை மூடினார்.

வெளியே வந்ததும் கத்திவிட்டேன். “வாதம் பண்ற நேரமா அசரத் இது? வழக்கப்படி மோட்டார்தான்னாவது சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?”

“வழக்கம் என்னன்னு கேட்டிருந்தா சொல்லிருப்பேன் தம்பி. அவரு சத்தியம்ல கேட்டாரு.”

சாயங்காலம் ரிப்போர்ட் டைப் ஆகி என் மேஜைக்கு வந்தது. காரணம்: ஆபரேட்டரின் கவனக்குறைவு. நான் எழுதிக் கொடுத்த மூன்று கடிதங்களைப் பற்றி அதில் ஒரு எழுத்துகூட இல்லை. கீழே என் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். என் விசாவும் அதே கம்பெனியில்தான். கையெழுத்துப் போட்டேன். வேறு என்ன செய்திருக்க முடியும் என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

விசாவைக் கேன்சல் செய்து அவரை ஏர்போர்ட்டுக்கு அனுப்பிய அன்று, கைகளில் கட்டு இருந்ததால் பெட்டியை நான்தான் வேன் வரைக்கும் தூக்கினேன்.

“ரிப்போர்ட்ல என்ன காரணம் போட்டிருக்கு தம்பி?”

சொன்னேன். கையெழுத்து என்னுடையது என்பதையும் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். கட்டுப் போட்ட கையை என் தோளில் வைத்து, வெள்ளிக்கிழமைகளில் கேட்கிற அதே குரலில் மெதுவாகக் கேட்டார்.

“நீ பாத்தியா?”