மொட்டை மாடியில் மகள் குரல்

எங்கள் மாமா, அதாவது என் அக்கா புருஷன், பஸ்ஸுக்கு பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். நல்ல மனுஷன், வாய்தான் நீளம். பிடித்தவனைக் கட்டிக்கொண்டு மகள் கிளம்பியபோது, "நீ செத்துட்டதா நினைச்சுக்கிறேன்" என்று சொல்லித் தொலைத்தார். அவளும் அவர் மகள்தானே! அன்றோடு போன் நம்பரை மாற்றிவிட்டாள். அம்மாவுக்குக்கூடக் கொடுக்கவில்லை.

அவளுக்கு அமெச்சூர் ரேடியோ, அதாவது பொழுதுபோக்காக வயர்லெஸ்ஸில் பேசுவது என்றால் உயிர். தலைக்கு மேலே போகிற சாட்டிலைட் வழியாக ஊர் ஊராகப் பேசுகிறாள் என்று தோழி ஒருத்தி சொல்லப்போக, மாமாவும் மைக் வைத்த ஒரு பழைய வயர்லெஸ் ரேடியோவை வாங்கினார். இரும்பு அளவு டேப்பை வெட்டி, பிளாஸ்டிக் குழாயில் பொருத்தி ஆன்டெனா செய்தார். சாட்டிலைட் வானத்தைக் கடக்கிற வரை அதைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் வெறும் இரைச்சல்தான்.

"என்ன மாமா, கொசு விரட்டுறீங்களா?" என்று கிண்டல் செய்தேன்.

ஒரு மாலை அவள் குரலே வந்துவிட்டது. யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். துணி காயப்போட வந்த அக்கா வாளியைப் போட்டுவிட்டு ஓவென்று அழுதாள்.

அதற்குப் பிறகு சாட்டிலைட் வருகிற நேரத்தில் அக்கா வீட்டில் அடுப்பு எரியாது. "இன்னைக்குச் சளி பிடிச்சிருக்கு புள்ளைக்கு" என்பாள். குரலை வைத்தே எல்லாம் சொல்லிவிடுவாள்.

மாமா அதோடு நின்றாரா? பேசுவதற்கு லைசென்ஸ் வேண்டும் என்றதும், உட்கார்ந்து படித்துப் பரீட்சை எழுதினார். ரேடியோவில் பேருக்குப் பதிலாகச் சொல்கிற அழைப்புக்குறி அவருக்கென்று வந்த அன்று எனக்கே கால் தரையில் பாவவில்லை.

அன்று மாலை அவள் குரல் கேட்டதும் தன் அழைப்புக்குறியைச் சொன்னார். எல்லோருக்கும் சொல்வதைப் போலவே அவளும், "தெளிவா கேக்குது, நன்றி" என்றாள்.

"அப்பா பேசுறேம்மா. எப்படி இருக்க?"

"இது எல்லாரும் பேசுற இடம்," என்றாள் அவள். "மத்தவங்க காத்திருக்காங்க, வழிவிடுங்க சார்."

சாராம்! அக்கா மைக்கைப் பிடுங்குவதற்குள் சாட்டிலைட் மறைந்துவிட்டது.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. மாமா வேறு சாட்டிலைட்டுகளையும் தேடிப் பார்த்துவிட்டார். ஊரில் உள்ளவர்கள் எல்லாம் பேசுகிறார்கள், அவளைத் தவிர. இருந்தும் அக்கா தினமும் அடுப்பை அணைத்துவிட்டு மாடிக்கு ஏறுகிறாள்.

நேற்று மாமா ஆன்டெனாவைத் தூக்கியபோது அக்கா அவரைப் பார்த்துக் கேட்டாள்.

"கேட்டுக்கிட்டாவது இருந்தேனே. உங்களை யாரு பேசச் சொன்னா?"