பெரியப்பாவின் பனியனும் என் கிராபிக்ஸ் கார்டும்

குற்றாலத்தில் சீசன் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு அருவிதான் ஞாபகம் வரும். தென்காசியில் வீடு வைத்திருக்கும் எங்களுக்கு ஈரத்துணி. சாரல் தொடங்கியதும், வருடம் முழுக்க ஒரு போன்கூடப் பண்ணாத சொந்தமெல்லாம் "சும்மா ஒங்களப் பாத்துட்டுப் போவலாம்னு வந்தோம்" என்று பெட்டியோடு வந்து இறங்கும். எங்களைப் பார்ப்பது ஐந்து நிமிஷம். மீதி நேரம் காலையில் ஐந்தருவி, சாயங்காலம் மெயினருவி. துணி தினமும் இரண்டு தடவை நனையும், ஒரு தடவைகூடக் காயாது. வெயிலே வராத ஊரில் எப்படிக் காயும்? வீட்டுக்குள் கொடி கட்டுவோம். சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் யாருடைய ஜட்டியோ நெற்றியில் சொட்டும்.

போன சீசனுக்கு எங்கள் வீட்டுக்குப் பெரியப்பா குடும்பமும் அத்தை குடும்பமும் வந்தன. அதே வாரம் பார்த்துத்தான் எங்கள் கேப்டன் எனக்குக் கெடு வைத்தான்.

கேப்டன் என்னோடு காலேஜில் படித்தவன், இலத்தூர்க்காரன். நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஆன்லைனில் துப்பாக்கி கேம் ஆடும் டீம். ஞாயிற்றுக்கிழமை முக்கியமான மேட்ச். என் கம்ப்யூட்டரோ, காலேஜ் முதல் வருடம் 'ப்ராஜெக்ட் செய்யணும்' என்று வீட்டில் கதை விட்டு வாங்கியது. அரை மணி நேரம் ஆடினால் காலி கிரைண்டர் மாதிரி சத்தம் போடும். அப்புறம் ஸ்கிரீன் அப்படியே நின்றுவிடும்.

"லே, நீ ஒளிஞ்சிருக்கியா, ஒறஞ்சிருக்கியான்னே தெரிய மாட்டேங்கு," என்றான் கேப்டன். "நேத்து அவன் ஒன்னயச் சுட்டு முடிச்சு, டீ குடிச்சிட்டு வந்த பெறவுதான் ஒன் ஸ்கிரீன் நகந்துச்சு."

"பழைய பெட்டி மக்கா, என்ன செய்யச் சொல்லுத?"

"கிராபிக்ஸ் கார்ட மாத்து. ஞாயித்துக்கெழமைக்குள்ள மாத்தலன்னா ஒன் எடத்துல புளியங்குடிக்காரனப் போட்டுருவேன், பாத்துக்க."

புளியங்குடிக்காரனின் அப்பாவுக்கு எலுமிச்சம்பழக் கமிஷன் கடை. போன மாதம்தான் மகனுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்திருந்தார். கண்ணாடிக் கதவு, வானவில் லைட்டு, உள்ளே சூட்டைத் தணிக்கத் தண்ணீர்க் குழாய். கல்யாண மண்டபம் மாதிரி இருக்கும். அவனுக்குக் குறி பார்க்கவே வராது. அவன் என் இடத்தில் உட்காருவதா? அதற்கு நான் கேம் ஆடுவதையே விட்டுவிடலாம்.

ஆனால் கையில் இருந்த காசை நினைத்தால் அழுகை வந்தது. நல்ல கார்டு வாங்கினால் அதற்குக் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை வாங்க முடியாது. பவர் சப்ளை வாங்கினால் அதில் செருகக் கார்டு இருக்காது.

இந்தக் கவலையில் ஒரு மதியம் ஆடிக்கொண்டிருந்தபோதுதான் அம்மா அந்தக் கண்டுபிடிப்பைச் செய்தார். கொடியில் இடம் இல்லாமல் பெரியப்பாவின் பனியனை யாரோ என் கம்ப்யூட்டருக்குப் பின்னால் நாற்காலியில் போட்டிருந்தார்கள். அம்மா அதைத் தொட்டுப் பார்த்தார். மோந்து பார்த்தார். பிறகு கத்தினார்.

"மைனி! இங்கன ஓடி வாங்களேன்! பனியன் காஞ்சிட்டு!"

அத்தை வந்தார். கம்ப்யூட்டரின் பின்பக்கம் கையை நீட்டினார். "ஏயப்பா, அனலால்லா அடிக்கி! இத்தன நாளு இத வச்சிக்கிட்டா நாம ஈரத்துல கெடந்தோம்?"

அன்று சாயங்காலமே ஜன்னலிலிருந்து என் புத்தக அலமாரி வரைக்கும் கொடி கட்டியாகிவிட்டது. காலேஜ் முடியும் வரைக்கும் "அத அமத்திட்டுப் போயிப் படி" என்று சொன்ன அதே வாய் இப்போது, "ஏல, சும்மாதான இருக்க, ரெண்டு மேட்ச் விளையாடேன். பெரியப்பா சாரம் நனஞ்சு கெடக்கு" என்றது. சாரம் என்றால் லுங்கி. நான் சாப்பிட எழுந்தால்கூட அத்தை, "அத ஓட விட்டுட்டுப் போ மருமவனே" என்பார்.

தென்காசியில் ஒரு போட்டோ ஸ்டுடியோ அண்ணாச்சி, கல்யாண வீடியோ எடிட் செய்யப் புது மெஷின் வாங்கியதால் பழைய கார்டு இரண்டை விற்பதாகக் கேள்விப்பட்டேன். கிளம்பும்போது காய்கறி வாங்க வேண்டும் என்று அம்மாவும் வண்டியில் ஏறிக்கொண்டார்.

அண்ணாச்சி இரண்டையும் மேசையில் வைத்தார். ஒன்று சின்னது, கொஞ்சம் புதுசு, விலை எனக்கு எட்டாது. மற்றது செங்கல் சைஸுக்குப் பழசு. வேகம் கிட்டத்தட்ட அதேதான், விலையும் எட்டும். ஆனால் கரண்டைக் குடிக்கும், பெரிய பவர் சப்ளை வேண்டும். நான் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கும்போது அம்மா நடுவில் புகுந்தார்.

"தம்பி, இதுல எது நல்லா அனல் அடிக்கும்?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"எது சூடாவாதுன்னுதான்க்கா எல்லாரும் கேப்பாவ."

"எங்க வீட்ல ஒம்பது பேரு அருவியில குளிக்காவ தம்பி."

"அப்பம் பெருசுதான். இது ஓடுனா ஸ்டுடியோவுல ஏசி போட்டாலும் வேர்க்கும்."

"அதயே குடுங்க. அதுக்கு என்னமோ சப்ளை வேணுமாம்லா, அதயும் சேத்து எடுங்க. அதுக்குத் துட்ட அத்தையும் நானும் போட்டுக்கிடுதோம்."

"எம்மா, ரொம்பச் சூடானா பெட்டி கெட்டுரும்மா."

"ஒனக்கு மேட்ச்சு வேணுமா, வேண்டாமா?"

பர்ஸை எடுத்துக் கார்டுக்குக் காசை எண்ணினேன்.

வீட்டுக்கு வந்து செருகப் பார்த்தால் கார்டு பெட்டியைவிட நீளம். ஹார்ட் டிஸ்க் மாட்டும் தகரக் கூடு இடித்தது. பெரியப்பா எங்கிருந்தோ ஆக்சா பிளேடு கொண்டுவந்து, "தள்ளுல" என்று அந்தக் கூட்டையே அறுத்து எறிந்தார். கார்டு உள்ளே போனது. பெட்டியின் கதவுதான் மூடவில்லை. அனல் நேராக அறைக்குள் வந்தது. அத்தைக்கு ஆனந்தம். "இனி கதவே போடாத."

ஞாயிறு மதியம் மேட்ச். அன்று சாயங்காலம் எல்லோருக்கும் ரயில். ஈரப் பனியனோடு ரயில் ஏற மாட்டேன் என்று பெரியப்பா அறிவித்துவிட்டார். எனக்கு டீமில் என் இடம், அவர்களுக்குக் காய்ந்த துணி. எல்லாம் அந்த ஒரு செங்கல் கையில்.

ஆட்டம் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. ஒரு தடவைகூட நிற்கவில்லை. எதிரி ஒளிந்திருந்த செடியின் இலைகளைக்கூட எண்ணலாம் போல இருந்தது. எனக்குப் பின்னால் அத்தை தோசை திருப்புவதுபோல் துணிகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னல, அனல் கொறையுது?"

"ரவுண்டு முடிஞ்சிட்டு எத்தே."

"அடுத்தத சட்டுனு ஆரம்பிக்கச் சொல்லு. காலரு இன்னும் ஈரமா இருக்கு."

கடைசி ரவுண்டு. இரண்டு டீமும் சமம். எங்களில் நானும் கேப்டனும்தான் மிச்சம், அவர்களில் ஒருவன். நான் முன்னால் பார்க்க, கேப்டன் எனக்குப் பின்னால் காவல். மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, கொடியிலிருந்து பெரியப்பாவின் எண்ணெய்த் துண்டு வழுக்கி நேராகக் கார்டின் மேல் விழுந்தது. ஃபேன் திணறியது. என் இரண்டு கையும் கீபோர்டிலும் மவுஸிலும்.

"எத்தே! துண்டு! பெரியப்பா துண்டு கார்டு மேல விழுந்துட்டு, எடுங்க!"

"எந்தத் துண்டுல? பச்சையா, சேப்பா?"

"எதா இருந்தா என்ன, எடுங்க!"

"பச்சைன்னா காஞ்சிட்டு, எடுத்துருதேன். சேப்புன்னா இன்னும் கொஞ்சம் கெடக்கட்டும்."

மைக் ஆனில் இருந்தது. கேப்டன் முதலில் மூக்கால் சிரித்தான். அப்புறம் கதறிச் சிரித்தான். அந்தச் சிரிப்பில் அவன் கை எதையோ அமுக்க, மறைவிலிருந்து வெளியே குதித்துவிட்டான். ஒரே குண்டில் அவன் காலி. அடுத்தது என் முதுகு. தோற்றோம். அத்தை துண்டை எடுத்தார். சிவப்புதான்.

உடனே கேப்டனுக்குப் போன் போட்டேன். "என் பெட்டி நின்னுச்சா? சொல்லுல."

"நிக்கல."

"பெறவு யாரால தோத்தோம்?"

"நாளைக்குச் சொல்லுதேன்," என்று வைத்துவிட்டான். பெரியப்பா மொறுமொறுவென்று காய்ந்த பனியனோடு ரயில் ஏறினார். நான் புளியங்குடிக்காரனை நினைத்துக்கொண்டு குப்புறப் படுத்தேன்.

மறுநாள் காலையில் கொட்டும் சாரலில் வாசலில் பைக் சத்தம். ரெயின்கோட்டோடு கேப்டன். கையில் ஒரு பிளாஸ்டிக் வாளி, அது நிறையப் பிழிந்த துணி.

"எங்க வீட்டுக்கும் மாமா குடும்பம் வந்திருக்குல," என்றான், என் முகத்தைப் பார்க்காமல். "புளியங்குடிக்காரன்ட்ட கேட்டேன். அவன் பெட்டிக்குள்ள தண்ணி ஓடுதாம். கை வச்சா ஜில்லுன்னு இருக்காம். அத வச்சு என்னத்தச் செய்ய?"

"அப்பம் என் எடம்?"

"ஒன் எடம் ஒனக்குத்தாம்ல, மூதி. மொதல்ல ஆன் பண்ணு. மாமா ஒரே ஒரு சாரம்தான் கொண்டாந்தாவ. போர்வையச் சுத்திக்கிட்டு உக்காந்திருக்காவ."

நான் கம்ப்யூட்டரை ஆன் செய்தேன். கேப்டன் அவன் மாமா லுங்கியை உதறி, அத்தை கட்டிய கொடியில் போட்டான். அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார்.

"ஏல, சேப்புத் துண்டு இருந்த எடத்துல போடு. அங்கனதான் சீக்கிரம் காயும்."