வெர்லின் பிழைக்க வைத்த பேட்டரி

கெட்டில் ஏரிக்கரையில் பேட்டரியைப் பற்றித் தெரியாத ஆண்பிள்ளை ஒருவனும் கிடையாது. கேட்டால் ஆளுக்கு அரைமணி நேரம் பேசுவார்கள். சிமெண்ட் தரையில் வைத்தால் தரை கரண்டை உறிஞ்சிவிடுமாம். அவர்கள் தாத்தா காலத்துப் பேட்டரிக்கு மரப்பெட்டி. அதற்கு ஒருவேளை பொருந்தியிருக்கும். பிளாஸ்டிக் பெட்டி வந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது, இவர்கள் மட்டும் இன்னும் பலகை தேடி அலைகிறார்கள். அக்டோபரில் படகைக் கரையேற்றியதும் பேட்டரியைக் கழற்றி, சாமியைப் பீடத்தில் வைப்பதுபோல் ஒரு பலகைமேல் பக்தியாக வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வார்கள். மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்ற வேண்டும் என்பது மட்டும் ஒருவன் மண்டையிலும் ஏறாது.

இவர்களைப் பார்த்துப் பார்த்து ஆர்லிஸ் பெல்ட்டோவுக்கு வெறுத்துப்போயிருந்தது. இருபத்தாறு வருடமாகப் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவள் அவள். ஜனவரியில் மூக்குச்சளியே உறைந்துபோகும் குளிரில், விடிகாலை ஐந்தரைக்குப் போய் பஸ்ஸைக் கிளப்ப வேண்டும். பஸ் கிளம்பாவிட்டால் நாற்பது பிள்ளைகள் ரோட்டோரம் விறைத்துப்போய் நிற்பார்கள். அதனால் பேட்டரி என்றால் அவளுக்குப் பேச்சு இல்லை, வேலைதான்.

கோடையில் அவளுக்கு இன்னொரு வேலை இருந்தது. க்ளேட்டன் நடத்தும் ஏரிக்கரை விடுதியில் தங்குகிறவர்களைத் தன் படகில் கூட்டிப்போய் மீன் இருக்கிற இடம் காட்டுவாள். விடுதி வாசல் சுவரில் வழிகாட்டிகள் பெயர்ப்பட்டியல் உண்டு. பன்னிரண்டு பெயரில் ஒரே பெண் பெயர் அவளுடையது. அந்த ஒரு பெயருக்காக அவள் குளிர்காலம் முழுவதையும் பொறுத்துக்கொள்வாள். போன வருடம் மீன்பிடிப் பருவம் திறக்கும் சனிக்கிழமையன்று, ஆட்களை ஏற்றிய பிறகு படகு கிளம்பவில்லை. நாற்பது நிமிடம் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். க்ளேட்டன் அவள் பெயரை அழித்துவிட்டான். இந்த வருடம் கெஞ்சாத குறையாகக் கேட்டு, திறப்பு நாளுக்கு ஒரே ஒரு சவாரி வாங்கியிருந்தாள். அது ஒழுங்காக நடந்தால் பெயர் மறுபடி ஏறும். இல்லாவிட்டால் இனி எந்த வருடமும் இல்லை என்று அவன் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டான்.

அவள் புருஷன் வெர்லினுக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்தும் என்ன பிரயோஜனம்? சுரங்க வேலையை முதுகுவலி என்று சொல்லி விட்டவன் அவன். விசித்திரமான முதுகு அது. ஏரி உறைந்ததும் பனியில் துளை போட்டு மீன் பிடிக்கப் போனால் வலிக்காது; வாசல் பனியை வாரச் சொன்னால் எழுந்திருக்கவே விடாது. உறைந்த ஏரியின் மேல் அவனுக்கு ஒரு மரக்குடிசை உண்டு. சிநேகிதன் டூயியும் அவனும் அதற்குள் உட்கார்ந்து பீர் குடித்தபடி உலகத்தைத் திருத்துவார்கள். அந்தக் குடிசையின் விளக்குக்கும் ரேடியோவுக்கும் இந்தக் குளிர்காலத்தில், மாதாமாதம் தானே சார்ஜ் ஏற்றிவைப்பதாக அவளிடம் சொல்லிவிட்டு, அவன் தூக்கிப்போனது ஆர்லிஸின் படகுப் பேட்டரியை. மார்ச்சில் ஒரு சொட்டுக் கரண்ட் இல்லாமல் உறிஞ்சித் தீர்த்துக் கொண்டுவந்து, கொட்டகையில் வைத்துவிட்டான்.

ஏப்ரல் கடைசியில் அவள் கொட்டகையைத் திறந்தபோது பேட்டரியின் ஒரு பக்கம் தொப்பை போட்டிருந்தது. சார்ஜ் நிறைந்த பேட்டரி எந்தக் குளிரையும் தாங்கும். காலியானது தண்ணீர் மாதிரி உறைந்துவிடும்.

"இத எப்பய்யா எடுத்துட்டுப் போன?"

"பலகை மேலதானே வச்சிருக்கேன்?" என்றான் வெர்லின். நிஜமாகவே அவனுக்கு மனசு வலித்தது. "தரையில வைக்கலியே!"

"காலியா வச்சிருக்க. உறைஞ்சு வீங்கிக் கெடக்கு."

"ஒரு ராத்திரி சார்ஜ் போட்டா எந்திரிச்சுரும் ஆர்லி. நீ எதுக்கெடுத்தாலும் பதறுவ."

அவள் பதறவில்லை. நிலவறைக்குக் கொண்டுபோய் இரண்டு நாள் குளிர் விடவிட்டாள். வெடிப்பு ஏதாவது உண்டா என்று விளக்கு வைத்துத் தடவிப் பார்த்தாள். இல்லை. முனைகளில் பூத்திருந்த வெள்ளைப் பொடியை சோடா மாவு கரைத்த தண்ணீரால் தேய்த்துக் கழுவினாள். மூடிகளைத் திறந்து, தகடுகள் முழுகும் அளவுக்கு மட்டும் காய்ச்சி வடித்த தண்ணீர் விட்டாள். முதலிலேயே நிறைத்தால் சார்ஜ் ஏறும்போது பொங்கி வழியும். பிறகு இருப்பதிலேயே மெதுவான சார்ஜில், ஜன்னலைத் திறந்துவைத்து, ஒன்றரை நாள் விட்டாள். நடுவில் வெர்லின் இரண்டு தடவை வந்து வேகத்தைக் கூட்டிவிட்டுப் போனான். இரண்டு தடவையும் அவள் போய்க் குறைத்தாள்.

பிறகு பேட்டரிக்குள் இருக்கும் ஆறு அறைகளிலிருந்தும், மிதவை வைத்த கண்ணாடிக் குழாயில் அமிலத்தை உறிஞ்சிப் பார்த்தாள். ஐந்து அறைகளில் மிதவை பச்சைக் கோட்டுக்கு ஏறி நின்றது. ஆறாவதில் சிவப்பிலேயே மூழ்கிக் கிடந்தது. மறுபடி ஏற்றினாள், மறுபடி பார்த்தாள், அதே கதை. சார்ஜரைக் கழற்றிய கையோடு வெர்லின் தன் சின்ன மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டுக் கத்தினான்.

"பன்னெண்டு புள்ளி ஏழு! பாத்தியா? புதுப் பேட்டரியே இவ்வளவுதான் காட்டும்!"

"அது சார்ஜ் போட்டதும் மேல நிக்குற நுரை. இங்க பாரு." பஸ் கொட்டகையிலிருந்து இரவல் வாங்கிய சோதனைக் கருவியை மாட்டி, படகைக் கிளப்பும்போது இழுக்கிற அளவு கரண்டை இழுக்க வைத்தாள். பத்து எண்ணுவதற்குள் முள் எட்டு வோல்ட்டுக்கு விழுந்தது. "ஒரு தடவை ஸ்டார்ட் ஆகும். ரெண்டாவது தடவை கைய விரிச்சுரும். பழைய இரும்புக்குப் போட்ரு."

"உன் மெஷின்லதான் கோளாறு" என்றான் வெர்லின்.

அவள் புதன்கிழமை பஸ்ஸை விட்டதும் நேரே டவுனுக்குப் போய்ப் புதுப் பேட்டரி வாங்கிவந்து படகில் மாட்டினாள். வியாழக்கிழமை ஐந்து தடவை கிளப்பி நிறுத்திப் பார்த்தாள். ஐந்து தடவையும் சட்டென்று எழுந்தது. வெர்லினோ பழையதைத் தன் படகில் மாட்டிக்கொண்டு, செத்த பேட்டரியைப் பிழைக்க வைத்துவிட்டதாகத் தூண்டில் கடையில் போய் அளந்தான். நல்ல சாமான் இருக்கும்போது பெண்டாட்டி புதுசு வாங்குகிறாள் என்று வருத்தமும் பட்டான். கடையில் இருந்தவர்களும் தலையாட்டினார்கள். ஒருவன் பலகை எந்த மரம் என்றுகூடக் கேட்டான்.

திறப்பு நாள் சனிக்கிழமை, காலை ஆறு மணிக்கு ஏரிமேல் இன்னும் மூட்டம் இருந்தது. ஆர்லிஸ் வீட்டுக் கரையில் சாவியைத் திருப்பினாள். படகு கிளம்பியது, கொஞ்சம் சோம்பலாகக் கிளம்பியதாகத் தோன்றியது, குளிர் என்று நினைத்துக்கொண்டாள். விடுதித் துறையில் நிறுத்தி, அயோவாவிலிருந்து வந்திருந்த அக்கா தங்கை இரண்டு பேரை ஏற்றினாள். இருவரும் ஓய்வுபெற்ற டீச்சர்கள். உடுப்புக்குமேல் உடுப்பாகப் போட்டுக்கொண்டு, பிள்ளைகள் மாதிரிச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவள் சாவியைத் திருப்பினாள்.

டிக். அவ்வளவுதான்.

மறுபடி திருப்பினாள். டிக். துறையில் காப்பிக் கோப்பையோடு நின்ற க்ளேட்டன் பெருமூச்சு விட்டான்.

"மறுபடியுமா ஆர்லிஸ்?"

"ஏதாவது கோளாறாம்மா?" என்று மூத்த டீச்சர் கேட்டார்.

ஆர்லிஸ் குனிந்து பின்பக்க மூடியைத் திறந்தாள். உள்ளே தொப்பை போட்ட பேட்டரி உட்கார்ந்திருந்தது. முந்தைய நாள் அவள் பஸ்ஸில் இருந்த நேரத்தில் நடந்த மாற்றம். அவளுக்குக் கோபம்கூட உடனே வரவில்லை. இவ்வளவுதானா இந்த மனுஷன் என்று அருவருப்பாக இருந்தது.

துறையின் அந்தக் கோடியில், பெட்ரோல் பம்புக்குப் பக்கத்தில், வெர்லின் தன் படகில் டூயியோடு உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தான். அவள் நடந்து வருவதைப் பார்த்ததும் டூயி தன் சாண்ட்விச்சை ஆராய ஆரம்பித்தான்.

"மாத்திட்டியா?" என்றாள்.

"இங்க வச்சுப் பேசாத ஆர்லி, எல்லாரும் பாக்குறாங்க." வெர்லின் குரலைத் தாழ்த்தினான். "நேத்து என் படகுல கிளப்பிப் பாத்தேன், ரெண்டாவது தடவை கொஞ்சம் மக்கர் பண்ணுச்சு. நாங்க நின்னு நின்னு போறவங்க, பத்து தடவை ஸ்டார்ட் பண்ணணும். உனக்கு ஒரு தடவை ஆனா போதும்லன்னு நெனச்சேன்."

"ஆக, அது செத்துடுச்சுன்னு உனக்குத் தெரியும்."

"செத்துடுச்சுன்னு இல்ல... மீட்டர்ல பன்னெண்டு புள்ளி..."

அவள் அவன் படகுக்குள் இறங்கினாள். புதுப் பேட்டரியின் முனைகளில் இருந்தவை கையாலேயே திருகிக் கழற்றுகிற காது நட்டுகள். திருகிக் கழற்றினாள்.

"ஏய், நாங்க எப்படிப் போறது?" என்றான் வெர்லின்.

"பல்லு இருக்குல்ல? கடிச்சு இழுத்துட்டுப் போ."

டூயி சிரித்துவிட்டான். வெர்லின் அவனை முறைத்தான். முப்பத்தொரு வருடத்தில் அவன் ஒரு விஷயத்துக்காவது வெட்கப்பட்டு ஆர்லிஸ் பார்த்ததில்லை. இப்போதும் அவன் முகத்தில் இருந்தது வெட்கமில்லை, காலைப்பொழுது வீணாகிறதே என்ற எரிச்சல்தான். அதைப் பார்த்த பிறகு அவனிடம் கேட்பதற்கு அவளுக்கு ஒன்றும் மிச்சமிருக்கவில்லை.

பேட்டரியைத் தூக்கிக்கொண்டு துறைப் பலகை நெடுக நடந்தாள். வழியில் நின்ற படகுக்காரர்கள் எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். பேட்டரியைப் பற்றி எல்லாம் தெரிந்தவர்களில் ஒருவனும் வாய் திறக்கவில்லை. க்ளேட்டன் கை நீட்டினான். வேண்டாம் என்று தலையசைத்தாள். செத்ததைக் கழற்றிவிட்டு இதை மாட்டினாள், சாவியைத் திருப்பினாள், சட்டென்று எழுந்தது. நான்கு நிமிடம் தாமதம்.

மதியம் திரும்பியபோது டீச்சர்கள் இருவரும் ஆளுக்கு ஆறு மீனோடு, மூக்கு சிவந்து, சத்தமாகப் பாடிக்கொண்டு இறங்கினார்கள். வெர்லினின் படகு இன்னும் பம்புப் பக்கத்திலேயே கட்டிக் கிடந்தது. அவனைக் காணோம். க்ளேட்டன் மீனைப் பார்த்தான், டீச்சர்களைப் பார்த்தான், பிறகு வாசல் சுவருக்குப் போய்ச் சுண்ணக்கட்டியை எடுத்தான். ஆர்லிஸ் என்று எழுதி, பெல்ட்டோ என்று தொடங்கப் போனான்.

"'நீமி'ன்னு எழுது" என்றாள் ஆர்லிஸ். அது அவள் பிறந்த வீட்டுப் பெயர்; பெல்ட்டோ வெர்லின் வீட்டுப் பெயர்.

க்ளேட்டனின் கை நின்றது. "வெர்லினுக்கு இது தெரியுமா?"

"அவனுக்குப் படிக்கத் தெரியும்" என்றாள் ஆர்லிஸ். "வந்து பாத்துக்கட்டும்."